வெயில் தின்னும் வண்டி

நெற்பயிர் வரிசைகளுக்கு நடுவே ஒரு கானாங்கோழி புல்லை வளைத்துக் கூடு கட்டி அடைகாத்திருந்தது. முட்டைகள் பொரியும் நாளில், முதுகில் சோலார் தகடு வைத்த களையெடுக்கும் வண்டி ஒன்று அதே வரிசையில் கடகடவென்று வந்தது. கானாங்கோழி எதிரே ஓடியது.

"எங்கே போறே?"

"வரிசை முடியிற வரைக்கும். வழியில இருக்கிற புல்லையெல்லாம் பிடுங்கணும்."

"வழியில என் கூடு இருக்கு."

"கூடுன்னா என்ன?"

"புல்லாலே கட்டினது."

"புல்லுன்னா பிடுங்கிடுவேன். எனக்கு நிக்கத் தெரியாது" என்றது வண்டி, வருத்தமாகவே.

கானாங்கோழி வண்டியின் கூடவே ஓடியபடி, "இப்படி ஓயாம ஓடுறியே, என்னதான் சாப்பிடுறே?" என்று கேட்டது.

"வெயில். அது என் முதுகுல விழும்."

கானாங்கோழி தாவி ஏறி, தகட்டின் மேல் சிறகுகளை விரித்துப் படுத்தது. வயிறு சுட்டது. கூட்டுக்கு ஒரு சாண் தள்ளி வண்டி நின்றது.

சக்கரச் சத்தம் அடங்கியதும் வண்டிக்கு வேறொன்று கேட்டது. "அது என்ன, டிக் டிக்குனு?"

"என் பிள்ளைங்க முட்டை ஓட்டை உடைக்குதுங்க."

கறுப்புப் பஞ்சு போலக் குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஈரம் காய்ந்ததும் வரப்போரம் நடந்து போயின. வண்டி பார்த்துக்கொண்டிருந்தது.

இனி பயமில்லை என்று கானாங்கோழி எழுந்தது. தகட்டில் வெயில் பட்டு, சக்கரம் மெல்ல அசைந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் உட்காரேன்" என்றது வண்டி. "அந்தக் கடைசிக் குஞ்சு என்னமோ பிடிச்சிருக்கு. என்னன்னு பார்த்துக்கிறேன்."

கானாங்கோழி மறுபடியும் படுத்துக்கொண்டது.