எதிர்ப்பக்கக் கையுறை

தோரியச் சேர்மத்தை அலுமினாப் பொடியின் மேல் ஏற்றுவது இரண்டு பேர் வேலை. அப்படிக் கிடைக்கும் வினையூக்கி காற்று பட்டால் செத்துவிடும். அதனால் ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று, அதில் பொருத்திய ரப்பர் கையுறைகளுக்குள் கைவிட்டுச் செய்ய வேண்டும். ஷஹர்பானு சேர்மக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். ஹரிஹரன் பொடி இருக்கும் குப்பியைப் பிடித்துக்கொள்வான். பிடிவாதக்காரன்; அவள் "வுடு ஹரி" என்று சொல்லும்வரை விரலைத் தளர்த்த மாட்டான்.

போன மாதம் பூஞ்சேரி பக்கத்தில் லாரி மோதிச் செத்துப்போனான்.

கை இல்லாத கையுறையை ஆர்கான் வெளியே தள்ளிவிடும். அது அறைப் பக்கம் விறைத்து நிற்கும். இன்று காலை ஹரிஹரனின் கையுறைகள் இரண்டும் பெட்டிக்குள் இருந்தன. ஒன்று குப்பியைப் பிடித்திருந்தது.

"லீக்கா மேடம்?" என்றான் டெக்னீஷியன் உசாமா.

"இல்லியே, பிரஷர் சரியாத்தான் கீது."

உசாமா அந்தப் பக்கம் போய்க் கையை நுழைத்தான். பாதியில் நின்றுவிட்டது.

"உள்ள எடமே இல்ல மேடம். சூடா வேற கீது."

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வெளியே போனான்.

கரைசலை வைத்திருந்தால் கெட்டுவிடும். ஷஹர்பானு தன் பக்கத்தில் கைவிட்டுச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். குப்பி ஆடவேயில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாருமில்லை.

"வுடு ஹரி," என்றாள். "போதும், வுட்டுடு."

விரல்கள் குப்பியை விட்டன. பிறகு அடுத்த குப்பியை எடுத்து அவள் பக்கம் நீட்டின.