நானூறு மணி நேரம்

"விளம்பரத்துல அறுபது மணி நேரம்னு போட்டிருந்தீங்களே, தோன் ஓசியெல்?" என்று மரியாதையாகவே கேட்டான் நிபால்டோ.

"போட்டிருந்தேன். ஆனா நானூறு."

நிபால்டோ விழித்தான்.

கடற்கரை நகரமான இகிகேயில் பழைய பாராமோட்டார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எத்தனை மணி நேரம் பறந்தது என்று விற்பவர் சொல்கிறாரோ, அதை மனசுக்குள் இரண்டால் பெருக்கிக்கொள்வார்கள். குறைத்துச் சொல்லாத ஆளை யாரும் பார்த்ததில்லை. இந்த மனிதரோ தாமாகவே கூட்டிச் சொல்கிறார்!

முதுகில் மாட்டும் விசிறி இன்ஜின் நிபால்டோவிடம் நன்றாகவே இருந்தது. தலைக்கு மேல் விரியும் துணி இறக்கைதான் வேண்டும். வாரம் முழுக்கத் தண்ணீர் லாரி ஓட்டுகிற ஐம்பத்து மூன்று வயதுக்காரனுக்கு, ஞாயிற்றுக்கிழமை கடலுக்கு மேல் ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் மற்ற ஆறு நாளும் ஓடாது. ஆனால் ஒன்பது வருட வெயிலையும் உப்பையும் குடித்த அவனுடைய பழைய இறக்கையை நம்பிக் கிளம்ப இப்போது பயமாக இருந்தது. அதை மூட்டையாகக் கட்டி லாரியில் போட்டிருந்தான். விற்க ஒரு விளம்பரமும் கொடுத்தாயிற்று.

ஓசியெல் விரித்துக் காட்டிய துணியில் ஓர் ஓரத்தை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தான். நைந்த துணி என்றால் காற்று உள்ளே வரும். துளிக்கூடக் காற்று வரவில்லை.

"புதுசு மாதிரி இருக்கே!"

"காத்து விடலைன்னா பலமா இருக்குன்னு அர்த்தமா, மயெஸ்த்ரோ? வெயில் தின்ன துணி. சொல்லிக்கிட்டா கிழியும்?" உழைப்பாளிகளை அந்த ஊரில் மயெஸ்த்ரோ என்றுதான் கூப்பிடுவார்கள்.

வாய் புதுசு என்கிறது. சொந்தக்காரர் பழசு என்கிறார். அறுபதா, நானூறா, இல்லை, பழக்கப்படி எண்ணூறா? நிபால்டோவுக்குத் தலை சுற்றியது.

"சரி விடுங்க. அப்போ எவ்வளவு குறைப்பீங்க?"

ஓசியெல் இறக்கையை மடிக்க ஆரம்பித்தார்.

"விக்கலை."

"என்ன விளையாடறீங்களா? ஆல்ட்டோ ஒஸ்பிசியோலேர்ந்து மலை இறங்கி வந்திருக்கேன்!"

"ஏறிப் போறதுக்கும் அதே ரோடுதான்."

"நாலு பேரை இப்படித்தான் திருப்பி அனுப்பினீங்களாமே. உங்களுக்கு மறை கழண்டுடுச்சுன்னு பறக்கறவங்க எல்லாம் பேசிக்கறாங்க."

"உங்களோட அஞ்சு பேர்."

நிபால்டோ வீட்டை விட்டு வெளியே வந்து, லாரியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினான். அதற்குள் ஒரு பைக் வந்து நின்றது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் யாஸ்னா. கடற்கரையில் பறக்கும்போது பார்த்துப் பழக்கம். அவளும் அந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் வந்திருந்தாள்.

இவளிடம் என்ன சொல்லப்போகிறார்? நிபால்டோ கிளம்பாமல் லாரி ஜன்னல் வழியாகக் காது கொடுத்தான்.

"நானூறும்மா," என்றது ஓசியெலின் குரல்.

"நானூறா?" யாஸ்னா கத்தினாள். "அப்புறம் எதுக்கு இதை வீட்டுல வச்சிருக்கீங்க? எவனாவது சல்லிசா கிடைக்குதேன்னு தூக்கிட்டுப் போய் விழுந்து சாவான். எனக்கு வேணாம், வேற யாருக்கும் கொடுக்கவும் வேணாம். இதோ கத்தரிக்கோல் கிடக்கு. என் கண்ணு முன்னால வெட்டிப் போடுங்க. இல்லைன்னா நான் வெட்டறேன்."

"ஏய், ஏய், பொண்ணே! கையை எடு! அறுபதுதான். இந்தா, நோட்டைப் பாரு. ஒவ்வொரு தடவை பறந்ததும் தேதியோட இருக்கு. இது உனக்குத்தான்."

நிபால்டோ ஒரே பாய்ச்சலில் உள்ளே போனான்.

"அவளுக்கு அறுபது, எனக்கு நானூறா? நான் என்ன பாவம் பண்ணினேன்?"

ஓசியெல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மூணு வருஷம் முன்னாடி என் பழைய இறக்கையை ஒருத்தருக்கு வித்தேன். நானூறு மணி நேரம் பறந்தது. அதை மறைக்கலை, அப்படியே சொன்னேன். எவ்வளவு குறைப்பீங்கன்னு கேட்டார். பாதிக்குக் கொடுத்தேன். ஒரு நாள் மேலேயே அது கிழிஞ்சு விழுந்து, இப்போ அவர் கக்கத்துல ரெண்டு கட்டை வச்சு நடக்கறார்."

ஓசியெல் மடித்த இறக்கையை யாஸ்னா பக்கம் தள்ளினார்.

"உண்மையைச் சொல்லிட்டா என் வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன், மயெஸ்த்ரோ. முடியலை. அதனாலதான் இப்போ பொய் சொல்லிப் பார்க்கறேன். நானூறுன்னதும் விலையைக் கேக்கறவங்க கையில இறக்கை கொடுக்கறதில்லை. நாளைக்கு அவங்க அதை யார் தலையில கட்டுவாங்களோ."

நிபால்டோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். சட்டைப் பையில் போன் அடித்தது. தெரியாத எண்.

"அரிகாவிலேர்ந்து பேசறேங்க. உங்க இறக்கை விளம்பரம் பார்த்தேன். நூத்தி இருபது மணி நேரம்னு போட்டிருக்கீங்க. சரிதானே?"

ஓசியெல் அவனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

"இல்லைங்க," என்றான் நிபால்டோ. "தப்பாப் போட்டுட்டேன். நானூத்தம்பது."

சொன்னதும் மனசு லேசானது போலிருந்தது.

எதிர்முனை கொஞ்சம் யோசித்தது.

"சரி விடுங்க. அப்போ எவ்வளவு குறைப்பீங்க?"

நிபால்டோ போனை அணைத்தான். லாரிக்குப் போய் மூட்டையை இழுத்து வந்து தரையில் போட்டான்.

"யாஸ்னா, அந்தக் கத்தரிக்கோலை இப்படிக் கொடு."