பாசி டிசைன்

"யார்றா என் சுவத்துல பாசி பிடிக்க வெச்சது?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹாலின் நடுவில் நின்று கத்தினார் நல்லசாமி. கேரட் மண்டியில் ஏலம் கூவிப் பழகிய தொண்டை. குன்னூரின் அந்த அபார்ட்மென்ட் முழுக்கக் கேட்டது.

பெயின்டர் ரவிக்குமார் ஏணியிலிருந்து இறங்கினார். "பாசி இல்லீங்ணா. ரஸ்டிக் ஃபினிஷ். பழைய சுவர் மாதிரி தெரியறதுதான் இதுல அழகே."

"பழைய சுவரா? நான் பொறந்த எஸ்டேட் லயத்து ஊட்டுல நாலு பக்கமும் இதே ஃபினிஷ்தான்யா! ஒருத்தனும் காசு கேக்கலை. மழையே வந்து அடிச்சுக் குடுத்துட்டுப் போச்சு!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு ரவிக்குமார் நல்லசாமியின் மனைவியைப் பார்த்தார்.

"நாந்தானுங்க சொன்னேன்" என்றாள் சுகந்தி.

"நான் என்ன சொல்லிட்டுப் போனேன்? தங்கக் கலர். கல்யாண மண்டபமாட்டம் பளபளன்னு இருக்கோணும்னு சொன்னனா இல்லியா? ஞாயித்துக்கிழமை கோயமுத்தூர்ல இருந்து பொண்ணு ஊட்டுக்காரங்க ஊடு பாக்க வர்றாங்க. இந்தச் சுவத்தைப் பாத்தா ஒரு வாய் காப்பி குடிக்காமத் திரும்பிப் போயிருவாங்க. நம்ம பையன் அஜய் கல்யாணம் உனக்கு வெளையாட்டா?"

"இப்ப இதுதானுங்க ஃபேஷன். பெரிய பெரிய ரிசார்ட்ல எல்லாம்..."

"ரிசார்ட்டுக்கு வர்றவன் ரெண்டு நாள் பாத்துட்டுப் போயிருவான். நான் கண்ணை மூடற வரைக்கும் இதைப் பாக்கோணும். ரவி, எல்லாத்தையும் சொரண்டு!"

"சொரண்டாதீங்க ரவி!"

எதற்கும் "சரிங்க" என்று சொல்லிப் பழகிய சுகந்தியா இப்படிப் பேசுகிறாள்? நல்லசாமிக்கு எரிச்சல் உச்சியில் ஏறியது.

"ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்றார் ரவிக்குமார். "அதுக்குள்ள நான் பெட்ரூமை முடிச்சுடறேன். அந்த பீரோவை மட்டும் கொஞ்சம் நகர்த்துனா..."

"பீரோமேல கை வெச்சே, கையை ஒடிச்சுருவேன்!"

ரவிக்குமார் இரண்டடி பின்வாங்கினார்.

"அந்த பீரோவுக்குள்ள அப்படி என்னதான் வெச்சிருக்கீங்களோ!" இப்போது சுகந்தியின் முறை. "ஆடி மாசம் அதைத் தள்ளிக் கொண்டுபோய் ஜன்னலைப் பாதி அடைச்சாப்புல வெச்சீங்க. ரூமுக்குள்ள வெளிச்சமே இல்ல. கேட்டா வாஸ்துங்கறீங்க. என்னிக்குங்க வாஸ்து பாத்தீங்க நீங்க?"

"பேச்சை மாத்தாதே!"

கதவு மெல்லத் தட்டப்பட்டது. மேல் வீட்டுச் சரிதா. பக்கத்து வெலிங்டனில் ஒரு கேன்டீனில் வேலை. அவளுடைய அப்பா வீரையா பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். கட்டிலிலேயே வைத்துத்தான் குளிப்பாட்ட வேண்டும்.

"அண்ணே, சத்தம் கேட்டுச்சு. மேல இருந்து தண்ணி ஏதும்..."

"ஒழுகுனா உடுவனா? போன வருஷம் பாத்ரூம் ஒழுகுனப்ப நான் போட்ட சத்தம் மறந்துருச்சா? இன்னொரு புகார் வந்தா காலி பண்ணச் சொல்லிருவேன்னு உங்க ஊட்டு ஓனரே சொல்லியிருக்கான். ஒரு சொட்டு விழட்டும், நானே போன் போடறேன்!"

சரிதாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இந்த ஐப்பசி மழையில அப்பாவத் தூக்கிக்கிட்டு எங்கண்ணே போவேன்? படுக்கையில ஆள் இருக்குன்னாலே யாரும் வீடு தர மாட்டேங்கிறாங்க."

"தண்ணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ போ சரிதா" என்றாள் சுகந்தி. "இவருக்குக் கத்தலைன்னா சோறு செரிக்காது."

அவளை அவசரமாக அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அதற்குள் நல்லசாமி சுரண்டும் தகட்டைக் கையில் எடுத்துவிட்டார்.

"யாரும் சொரண்ட வேண்டாம். நானே சொரண்டிக்கறேன்."

"வேண்டாமுங்க!" ஓடி வந்து சுவரை மறைத்து நின்றாள் சுகந்தி.

அவளை விலக்கிவிட்டு, சுவரில் இருந்ததிலேயே பெரிய பழுப்புத் திட்டின் மேல் இடது கையை ஊன்றினார் நல்லசாமி.

கை நனைந்தது.

மோந்து பார்த்தார். சோப்பு வாசனை. அண்ணாந்தார். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் ஒரு நீர்த்துளி விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

ரவிக்குமார்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தங்கக் கலர் அடிச்சா ரெண்டே நாள்ல கறை மேல வந்துரும்ணா. இந்த டிசைன்ல எவ்வளவு ஊறுனாலும் டிசைனோட டிசைனாப் போயிரும். அக்காதான் யோசிச்சு..."

சுகந்தி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உங்களுக்குத் தெரிஞ்சா போன் போட்டுருவீங்க. அந்தப் பெரிய மனுசன் கட்டிலோட தெருவுக்கு வந்துருவாரு. அதான்..."

நல்லசாமி கையை வேட்டியில் துடைத்தார். தகட்டை ஜன்னல் திண்டில் வைத்தார். சுகந்தியை ஒரு முறை முறைத்தார்.

"என்னய்யா மரமாட்டம் நிக்கறே? வந்து ஒரு கை புடி!"

ரவிக்குமாரை இழுக்காத குறையாகப் பெட்ரூமுக்குக் கூட்டிப் போய், பீரோவில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். கிறீச்சென்று தரையைக் கீறிக்கொண்டு அது நகர்ந்தது.

பின்னால், ஜன்னலை ஒட்டிய சுவரில் மேலிருந்து கீழ்வரை ஈரம். நிஜப் பாசி.

"இங்கயும் அதே கண்றாவியை அடிச்சு உடு! ஆடி மாசத்துல இருந்து பீரோவை வெச்சு மறைச்சு, ரூமுக்குள்ள வெளிச்சமே இல்லாமப் போச்சு!"