பச்சை மைக் கையெழுத்து

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான், என் மனைவி வேதவல்லி, மகன் திருவரங்கன், காவல் ஆய்வாளர் ஒருவர். பக்கத்து மாவட்டத்தில் தாசில்தாராக இருப்பதாக மூன்று வருடமாக எங்களை நம்பவைத்திருந்த மகன், இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆய்வாளர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். நான் உயிரோடு இருப்பதாக ஓய்வூதியத்துக்கு நான் கொடுத்த சான்று. அடியில் பச்சை மையில் அவன் கையெழுத்து, பக்கத்தில் முத்திரை.

"இந்தப் பேர்ல அங்க தாசில்தாரே கிடையாதுங்க ஐயா," என்றார் அவர். "டேய், வேற எத்தனை பேருக்குப் போட்ட?"

"அப்பாவுக்கு மட்டும்தான் சார். மாட்டேன்னுதான் சொன்னேன். புள்ள ஆபீசரா இருக்கறப்ப நான் எவன் வாசல்ல போய் நிக்கணும்னு பிடிவாதம் பிடிச்சாரு."

"சாப்பிட்டு வரட்டுமேங்க," என்றாள் வேதவல்லி.

நான் குனிந்து, பாதிச் சோறோடு அவன் இலையை மடித்தேன். அவன் கை கழுவாமலே எழுந்து போனான்.

நான்தான் மகன்மேல் புகார் கொடுத்தேன் என்று உறவினர்கள் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். கருவூலத்தில் சான்றைக் கொடுத்தபோது அந்தக் கையெழுத்தைத் தொட்டுக் காட்டி, "என் பையன்" என்று மட்டும்தான் சொன்னேன்.