ஆடியில் வந்த சோதனை

செவ்வந்தி இந்நாட்டுக் குடிமகள். அயல்நாட்டுக் கணவன் இளமாறனோடு உண்மையாகவே குடும்பம் நடத்துகிறாளா என்று சோதிக்கக் குடியேற்றத் துறை அதிகாரி வந்தபோது அவள் வீட்டில் இல்லை. ஆடி பிறந்ததும் அம்மா தன் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தாள். இளமாறன் போனில் கூப்பிட, இருவரும் ஓடிவந்தார்கள். அதிகாரி தலையணையை முகர்ந்துகொண்டிருந்தார்.

"பொம்பளை வாசனையே இல்லையே. பொய்க் கல்யாணம்னா இவரை நாளைக்கே பிளேன் ஏத்திடுவோம்."

"ஆடி மாசம் சார். நான்தான் பிரிச்சு வச்சேன்," என்றாள் அம்மா.

"பிரிக்கிறதுக்குத்தான் நாங்க இருக்கோமேம்மா!" அவர் சிரித்தார். பிறகு கட்டிலைக் காட்டினார். "சரி, ரெண்டு பேரும் எப்படிப் படுப்பீங்க? படுத்துக் காட்டுங்க."

செவ்வந்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, குனிந்து, படுக்கை விரிப்பின் சுருக்கங்களை நீவத் தொடங்கினாள்.