எட்டாவது பெயர்

"யாருடா இந்த லரிபா?"

அம்மாவின் சாவுப் போஸ்டர் மாதிரியை என் அச்சக மேஜையில் விரித்துப் போட்டுக் கேட்டாள் அஃப்ரியே அக்கா. அழுது வீங்கிய கண். குரலில் மட்டும் கோபம் கொதித்தது.

"எனக்கென்னக்கா தெரியும்? உங்கம்மாவே மூணு மாசம் முன்னாடி வந்து, போட்டோவும் குடுத்து, பிள்ளைங்க பேரையும் சொல்லிட்டுப் போனாங்க. சொன்னதை அடிச்சேன்."

"நாங்க ஏழு பேருதான்டா. எட்டாவது எங்கேருந்து முளைச்சுது? அதுவும் வடக்கத்திப் பேரு!"

கூட வந்த தம்பி ஒப்போங் மெல்ல ஆரம்பித்தான். "அப்பா லாரி ஓட்டிக்கிட்டு வடக்கே போவாரே, ஒருவேளை அங்க..."

"வாயை மூடு! அது அப்பா பிள்ளைன்னா அப்பா போஸ்டர்ல வந்திருக்கணும். அம்மா போஸ்டர்ல என்ன வேலை? நாளைக்கே அம்மா வீட்ல எனக்கும் ஒரு ரூம் இருக்குன்னு வந்து நிப்பா. 'டுஃபியே, கல்யாணத்துக்கு முன்னாடியே ஒண்ணு பெத்தாளாம்'னு அம்மாவை ஊரு பேசும். கேட்டுக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

அவள் பயந்ததிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் மாம்போங் ஊரில் சாவுப் போஸ்டரில் செத்தவர் பிள்ளை என்று பேர் வந்துவிட்டால் வந்ததுதான். ஊரே நின்று படிக்கும். அப்புறம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. டுஃபியே என்ன சாதாரண ஆளா? சந்தைப் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டுமென்று நகராட்சி வாசலில் மூன்று நாள் படுத்துக் கிடந்தவள். யார் வீட்டில் சாவென்றாலும் சமையலுக்கு முதல் விறகுக் கட்டு அவள் தலையிலிருந்துதான் இறங்கும். அவள் போனபோது, என் தாயே இன்னொரு தடவை செத்த மாதிரி அழுதேன்.

"அக்கா, அவங்க காரணமில்லாம சொல்ல மாட்டாங்க."

"பெத்தவ மானத்தை நான் பார்த்துக்கறேன். நீ அந்தப் பேரை எடு."

எடுத்தேன். வேறென்ன செய்ய?

மறுநாள் காலை போஸ்டர்களை வாங்கிப்போக அக்கா வந்திருந்தாள். கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒருத்தி தயங்கி நின்றாள். கக்கத்தில் அலுமினியத் தாம்பாளம். பஸ் ஸ்டாண்டில் சுமை தூக்குகிறவள். டுஃபியே வீட்டுக் கிழங்கு மூட்டையெல்லாம் இவள் தலையில்தான் போகும். பத்து வருஷமாக நானும் பார்க்கிறேன், அக்காவும் பார்க்கிறாள். பேர் என்ன என்று இரண்டு பேரும் கேட்டதில்லை.

"அம்மா போஸ்டர் வந்துடுச்சாமே, அண்ணே. ஒரு தரம் பார்த்துக்கறேன்."

ஒன்றை எடுத்து மேஜைமேல் விரித்தேன். டுஃபியேயின் படத்தைத் தடவிப் பார்த்தாள். பொலபொலவென்று கண்ணீர் விட்டாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுண்ணே. லரிபான்னு எங்க போட்டிருக்குன்னு காட்டுங்களேன்."

அக்கா விருட்டென்று நிமிர்ந்தாள்.

"உன் பேரு எதுக்கு இதுல இருக்கணும்?"

"அம்மா போடறேன்னு சொன்னாங்கக்கா. ரெண்டு வருஷம் முன்னாடி எங்ககூட மூட்டை தூக்கின அசிபி செத்துப்போனா. எங்களை மாதிரி ஆளுக்கு ஏது போஸ்டரு? யாரு எவருன்னு கேக்கவும் நாதியில்ல. நகராட்சி வண்டியில அள்ளிப்போட்டுக் கொண்டுபோயிட்டாங்க. எங்க புதைச்சாங்கன்னுகூட இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நானும் இப்படித்தானே போவேன்னு அம்மா மடியில விழுந்து அழுதேன்."

மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"அம்மா என்னைத் திட்டினாங்க. 'அட பைத்தியமே, என் போஸ்டர்ல உன்னையும் பிள்ளையாச் சேர்த்துடறேன். ஊரே படிச்சிடும். அப்புறம் உன்னை வண்டியில அனுப்ப என் பிள்ளைங்களுக்கு துணிச்சல் வருமா? நீ போறப்ப உன் போஸ்டர்ல அவங்க ஏழு பேரும் இருப்பாங்க'ன்னாங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்க்கா. பேரை மட்டும் பார்த்துட்டுப் போயிடறேன்."

நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

அக்கா எழுந்து வந்தாள். லரிபாவின் காய்த்துப்போன விரலைப் பிடித்து, பிள்ளைகள் வரிசையில் முதல் பேர்மேல் வைத்தாள்.

"இதோ. இதுதான் நீ."

லரிபா விரலை எடுக்காமல் வெகுநேரம் நின்றாள்.

"இது மை காயலை. நாளைக்கு வா, உனக்குன்னு ஒண்ணு தரச் சொல்றேன்" என்று அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவந்தாள் அக்கா.

அக்கா காட்டியது அஃப்ரியே என்கிற பேர். அவளுடைய சொந்தப் பேர்.

"எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி அடி, தம்பி" என்றாள், முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டு. "அவ விரல் வெச்ச இடத்துல அவ பேரு இருக்கணும்."