கண்ணாடி வேட்டை

“ஃபூய், ஃபூய்,” என்று சாய்வு நாற்காலியில் இருந்தபடியே அதட்டினார் டிக்சன்.

மூட்டுவலியோடு மனைவி அமலோற்பவம் குனிந்து, கட்டிலுக்கடியில் கையை விட்டுத் துழாவினாள். காணாமல் போனது அவருடைய மூக்குக்கண்ணாடி.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் காலையில்தான் வந்திறங்கிய மகள் ஜாஸ்லினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“யப்பா, தொலைச்சது நீங்க. எந்திரிச்சு நீங்க தேடுனா என்ன?”

“பிரெஞ்சுக் கப்பல்ல எங்க பெரிய குசினிக்காரன் எந்திரிக்கவே மாட்டான். எங்களத்தான் விரட்டுவான்.” டிக்சன் அந்த ஆளின் குரலிலேயே மூக்கால் பேசிக் காட்டினார். “‘ஃபூய்’னா துழாவு. ‘ஃபுயின்’னா கீரிப்பிள்ளை மாதிரி மூக்க நுழைச்சுத் தேடு. வேட்டைக்குப் போயி வெறுங்கையோட வந்தா ‘ப்ரதூய்’. மீன் படாம வந்தாலும் அதான்.”

அவளுக்குத் தெரியாததா? அப்பா கப்பலிலிருந்து லீவில் வந்தால் சாக்லேட்டை எங்கேயாவது ஒளித்துவைத்து, இதே வார்த்தைகளால் அவளை வீடு முழுக்க ஓடவிடுவார். கிட்டப் போய்விட்டால், “த்யு ப்ரூல், கை சுட்டுரும்ளா” என்பார். அதெல்லாம் ஒரு காலம்.

இப்போது மறதிக்கு மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் பெற்ற மகளையே பார்த்து, “யாரு வந்திருக்கா?” என்றார். அம்மாவை விரட்ட மட்டும் மறக்கவில்லை.

ஜாஸ்லின் அம்மாவைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

“தினமுமா இந்தக் கூத்து?”

“தினமுந்தான்.”

“போதும்மா. ராத்திரி ரயிலுக்கே என்கூடக் கிளம்பு. அப்பாவப் பாத்துக்க ஆள் போட்டுருவோம். நீ என்ன அவங்களுக்கு வேலைக்காரியா?”

“மெதுவாப் பேசு. காதுல விழுந்துரும்.”

“விழட்டும்.”

கூடத்திலிருந்து குரல் வந்தது. “என்ன அமலி, ப்ரதூயா?”

அமலோற்பவத்தின் முகம் கல்யாணப் பெண் முகமாகிவிட்டது.

“ப்ரதூய்தான்,” என்று பதில் குரல் கொடுத்துவிட்டு, அரிசி வாளியைத் திறந்தாள். உள்ளே கையை விட்டுக் கண்ணாடியை எடுத்து, முந்தானையில் துடைத்தாள்.

“அது எப்படிம்மா அரிசிக்குள்ள போச்சு?”

“நாந்தான் தினமும் ஒளிச்சு வைக்கேன். காலைல என்னையுந்தான் யாருன்னு கேட்டாக. தேட ஆரம்பிச்சா அவுகளுக்குக் கப்பல் ஞாபகம் வந்துரும்ளா. கப்பல் வந்துட்டா, பின்னாலேயே என் பேரும் வந்துரும்.”